ஏற்றுமதி கூடாமலேயே 2023 இல் டொலர் மிஞ்சியது எப்படி?

நீங்கள் கேட்டது இதுதான்: 2023 இல் இலங்கையின் நடைமுறைக் கணக்கில் மிகை வந்தது, 1977க்குப் பிறகு இதுவே முதல் தடவை என்று மத்திய வங்கி சொல்கிறது, ஆனால் அந்த வருடம் ஏற்றுமதி குறைந்துதான் போனது. அப்படியானால் மிகை எங்கிருந்து வந்தது? ஒரு நாட்டின் நடைமுறைக் கணக்கு ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது? உயர்தரத்தில் பொருளியல் படிக்கும் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தடுமாறியதாக எழுதியிருக்கிறீர்கள். தடுமாறியதில் பிழையில்லை. ஏற்றுமதி கூடினால் மிகை, இறக்குமதி கூடினால் பற்றாக்குறை என்று ஒரு வரியில் மனதில் பதித்துக்கொண்டு 2023க்கு வந்தால் யாருக்கும் தலை சுற்றும்.

நடைமுறைக் கணக்கு என்பது நாடு வெளிநாடுகளோடு நடத்தும் வரவு செலவு: வரவு கூடினால் மிகை, செலவு கூடினால் பற்றாக்குறை. முதலில் அதில் என்னவெல்லாம் அடங்கும் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொருட்கள் ஒன்று. சேவைகள் இன்னொன்று: சுற்றுலா, கொழும்புத் துறைமுகத்தின் வருமானம், கணினி வேலைகள் எல்லாம் இதில் வரும். மூன்றாவது, வெளிநாட்டுக் கடனுக்கு நாம் கட்டும் வட்டியும், இங்கே முதலிட்ட வெளிநாட்டுக் கம்பனிகள் எடுத்துச் செல்லும் இலாபமும். நாலாவது, வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம். கடன் வாங்குவதும் திருப்பிக் கொடுப்பதும் இதில் வராது, அவை நிதிக் கணக்கில் போகும். வெளிநாடுகளோடு நடக்கும் கொடுக்கல் வாங்கல் எல்லாம் பதியும் சென்மதி நிலுவை என்ற பெரிய புத்தகத்தில் இவை இரண்டும் வேறு வேறு பக்கங்கள்.

இப்போது இலக்கங்களைப் பாருங்கள். 2021 இல் ஏற்றுமதி 12.5 பில்லியன் டொலர், இறக்குமதி 20.6 பில்லியன். 2023 இல் ஏற்றுமதி 11.9, இறக்குமதி 16.8. அதாவது ஏற்றுமதி அரை பில்லியனுக்கு மேல் விழுந்திருக்கிறது, இறக்குமதி ஏறக்குறைய 4 பில்லியன் விழுந்திருக்கிறது. சுற்றுலா வருமானம் அரை பில்லியனிலிருந்து 2 பில்லியனுக்கு ஏறியது. வெளிநாட்டிலிருந்து வந்த பணம் 5.5 இலிருந்து 6 பில்லியன் அளவுக்கு வந்தது. இவை எல்லாம் சேர்ந்துதான் 3.3 பில்லியன் பற்றாக்குறையை இரண்டே வருடத்தில் 1.5 பில்லியன் அளவிலான மிகையாக மாற்றின. மிகப் பெரிய பங்கு எதற்கு? நாம் வாங்காமல் விட்டதற்கு.

வாங்காமல் விட்டது என்று சொல்வதுகூடச் சரியில்லை. வாங்க முடியாமல் போனது. நான் 2022 இன் முதல் பாதியில் கொழும்பில் ஒரு வங்கியின் இறக்குமதிப் பிரிவில் இருந்தேன். கொழும்பின் மொத்த வியாபாரச் சந்தையான புறக்கோட்டையில் பருப்பு இறக்குமதி செய்பவர் ஒருவர், பல வருட வாடிக்கையாளர், தினமும் காலை ஒன்பதரைக்கு வந்து என் மேசைக்கு முன்னால் இருப்பார். "தம்பி, இண்டைக்காவது ஏதாவது கிடைக்குமா?" ஒரே கேள்விதான். அவருடைய கணக்கில் ரூபாய் தாராளமாகக் கிடந்தது. கொள்கலன்கள் துறைமுகத்தில் நின்றன, தாமதக் கட்டணம் நாள் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. ஆவணங்களை விடுவிக்க வேண்டியது டொலர், அது எங்களிடம் இல்லை. கிடைக்கிற கொஞ்சத்தை மருந்துக்கும் எரிபொருளுக்கும் முதலில் கொடுக்க வேண்டும் என்று வரிசை போட்டிருந்தோம். ஒரு நாள் அவர் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கு கொடுக்க முடிந்தது, அதற்கே என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

இந்த மேசையில் நடந்ததைத்தான் பொருளியல் மொழியில் வேறு மாதிரிச் சொல்கிறார்கள்: பற்றாக்குறைக்கு யாராவது பணம் தரவேண்டும். ஒரு நாடு சம்பாதிப்பதைவிடக் கூடச் செலவழிக்கிறது என்றால் அந்த மிச்சத்தை வெளியிலிருந்து ஒருவர் கடனாகவோ முதலீடாகவோ கொடுத்திருக்கிறார், அல்லது நம்முடைய சேமிப்பிலிருந்து எடுத்திருக்கிறோம். மூன்றாவது வழி கிடையாது. அதனால் பற்றாக்குறை எவ்வளவு என்பதை நாம் மட்டும் தீர்மானிப்பதில்லை, கடன் தருபவரும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறார். 2020 இல், கடன் கட்டும் தகுதியைத் தரமிடும் நிறுவனங்கள் இலங்கையின் தரத்தை அடுத்தடுத்து இறக்கின, சர்வதேச முறிச் சந்தை, அதாவது கடன் பத்திரம் விற்று டொலர் திரட்டும் இடம், நமக்கு மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு ஒதுக்குகளை, அதாவது நாடு சேர்த்து வைத்திருந்த வெளிநாட்டு நாணயத்தை, கரைத்துத்தான் ஓடினோம். 2019 இன் முடிவில் 7.6 பில்லியன் இருந்தது. 2022 ஜனவரியில் 500 மில்லியன் முறி ஒன்றைக் கட்டி முடித்தோம். ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தோம். மே மாதமளவில் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒதுக்கு 50 மில்லியன்கூட இல்லை. கடனும் இல்லை, சேமிப்பும் இல்லை என்றால் வரவுக்கு மேல் ஒரு சதம் செலவழிக்க முடியாது. பற்றாக்குறை தானாகவே மூடிவிடும், எப்படி வலிக்க மூடுகிறது என்பதுதான் கேள்வி.

உங்கள் மகளுக்கு ஒரு விஷயத்தை மட்டும் நன்றாகப் பதிய வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள்: நடைமுறைக் கணக்கு என்பது நாடு முழுவதினதும் சேமிப்பிலிருந்து முதலீட்டைக் கழித்தால் வருவது. கடைக்கணக்கு மாதிரி ஏற்றுமதி இறக்குமதி என்று பார்ப்பது ஒரு பக்கம், சேமிப்பு முதலீடு என்று பார்ப்பது மறுபக்கம், இரண்டும் எப்போதும் ஒரே இலக்கத்தில்தான் வந்து நிற்கும். ஆகவே கணக்கு மாறும்போதெல்லாம் கேட்க வேண்டியது: யார் சேமிக்கத் தொடங்கினார்கள், யார் சேமிப்பை விட்டார்கள், யார் முதலீட்டை நிறுத்தினார்கள்? அரசாங்கமா, வீடுகளா, கம்பனிகளா?

இலங்கையில் முதல் ஆள் அரசாங்கம். 2019 இன் கடைசியில் வற் என்ற பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆக்கினார்கள், வேறு சில வரிகளை அடியோடு எடுத்தார்கள். சம்பளத்தில் வெட்டுவது நின்றது, கையில் காசு மிஞ்சியது, எல்லோருக்கும் சந்தோஷம். அரசாங்கத்தின் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதம் அளவுக்கு விழுந்தது; உலகத்திலேயே மிகக் குறைவாக வரி திரட்டும் நாடுகளில் ஒன்றானோம். செலவு குறையவில்லை. பள்ளத்தை மத்திய வங்கி, திறைசேரி உண்டியல்கள் எனப்படும் அரசாங்கத்தின் குறுங்காலக் கடன் பத்திரங்களை வாங்கி, அதாவது காசு அச்சடித்து, நிரப்பியது. அந்தப் புதுக் காசு கடைசியில் என்ன கேட்கும்? பொருள் கேட்கும். சிறிய தீவில் பொருள் என்றால் அதில் பெரிய பங்கு கப்பலில் வந்ததுதான்.

ஆனால் இங்கே ஒரு முரண் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 2020 இல் அரசாங்கத்தின் வரவுசெலவுப் பள்ளம் பயங்கரமாக விரிந்தபோது நடைமுறைக் கணக்குப் பற்றாக்குறை சுருங்கியது. கொவிட் வருடம்: எண்ணெய் விலை தரையில் கிடந்தது, வாகன இறக்குமதியை மார்ச்சிலேயே நிறுத்திவிட்டார்கள், சனம் வீட்டுக்குள் இருந்ததால் செலவழிக்க வழியில்லை, வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய காசு 7.1 பில்லியனுக்கு ஏறியது. அரசாங்கம் சேமிப்பை விட்ட வருடத்தில் வீடுகள் சேமித்தன. ஒரு வருடம் கழித்து எண்ணெய் விலை எழும்பி, கடைகள் திறந்ததும், பற்றாக்குறை 3.3 பில்லியனுக்குப் பாய்ந்தது. அரசாங்கம் கூடச் செலவழித்தால் வெளிக்கணக்கும் கெடும் என்பது பொதுவாக உண்மைதான், ஆனால் இரண்டும் அதே வருடம் கைகோத்துக்கொண்டு வரவேண்டும் என்று சட்டமில்லை.

அடுத்தது நாணயமாற்று வீதம். இதில்தான் நாம் செய்த பெரிய பிழை இருக்கிறது என்பது என் கருத்து. 2021 செப்டெம்பர் தொடக்கம் 2022 மார்ச் 7 வரை டொலரை 203 ரூபாய்க்குள் பிடித்து வைத்திருந்தார்கள். வங்கிக்கு வெளியில் 240க்கு மேல் போனது. கட்டாரில் வேலை செய்யும் என் சித்தி மகன் மாதம் 1,000 ரியால் வீட்டுக்கு அனுப்புபவன். வங்கியால் அனுப்பினால் ஏறக்குறைய 55,800 ரூபாய் கிடைக்கும். உண்டியல்காரன், அதாவது வங்கிக்கு வெளியே காசு மாற்றிக் கொடுப்பவன், டொலருக்கு 245 என்ற கணக்கில் கொடுத்தால் 67,000க்கு மேல். பதினோராயிரம் ரூபாய் வித்தியாசம், அன்றைக்குச் சித்தியின் ஒரு மாத மருந்துச் செலவைவிடக் கூட. நாட்டுப்பற்றைப் பற்றி அவனுக்குப் பாடம் எடுக்க எனக்கு வாய் வரவில்லை. வங்கிகள் வழியே அனுப்புபவர்களுக்கு டொலருக்கு 10 ரூபாய் கூடத் தருவதாக அறிவித்தார்கள், அது போதவில்லை. 2020 இல் 7.1 பில்லியனாக இருந்த பணவனுப்பல் 2021 இல் 5.5, 2022 இல் 3.8 பில்லியன் என்று சரிந்தது.

அந்த டொலர் காணாமல் போனதா என்றால், இல்லை. உண்டியல்காரன் கட்டாரில் ரியாலை வாங்கிக்கொள்கிறான், இங்கே ரூபாயைக் கொடுக்கிறான், அங்கே சேரும் வெளிநாட்டுக் காசை டுபாயிலோ சிங்கப்பூரிலோ சரக்கு வாங்கும் இறக்குமதியாளருக்கு விற்கிறான். சரக்கு வந்து சேர்கிறது, சுங்கத்தில் பதிவாகிறது, ஆனால் அதற்குக் கட்டிய டொலர் எந்த வங்கியின் புத்தகத்திலும் இல்லை. இதனால் பதிவான பற்றாக்குறை உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். அதோடு வங்கிகளுக்குள் டொலரே வராததால் எரிபொருள் மாதிரி வங்கியை விட்டால் வேறு வழியில்லாத பொருட்களுக்குத்தான் கழுத்து நெரிந்தது. கடையில் வெளிநாட்டுச் சொக்கலேற் கிடைக்கும், பெற்றோல் இல்லை என்ற அந்த மாதங்களின் வினோதம் இப்படித்தான் வந்தது.

வீதத்தைப் பிடித்து வைப்பதை விட்டதும் சில கிழமைகளில் டொலர் 360க்குப் போனது. நந்தலால் வீரசிங்க மத்திய வங்கி ஆளுநராக வந்த கையோடு, ஏப்ரல் 8 இல், மத்திய வங்கி நிர்ணயிக்கும் கொள்கை வட்டி ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் ஏறியது. வற் 12 ஆகி, பிறகு 15 ஆனது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. இவை எல்லாம் சேர்ந்து என்ன செய்தன என்றால், சம்பளத்தின் வாங்கும் சக்தியைப் பாதியாக்கின என்று சொன்னாலும் பெரிய பிழையில்லை. வீடு கட்டுபவர் நிறுத்தினார், கடை பெருப்பிக்க நினைத்தவர் விட்டார். பாடப்புத்தகம் சொல்லும் மற்றப் பாதி, அதாவது நாணயம் மலிந்தால் ஏற்றுமதி கூடும் என்பது, 2023 இல் நடக்கவில்லை. ஏன்? நம் ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 சதவீதம் ஆடை. துணியும் பொத்தானும் ஸிப்பும் வெளியிலிருந்து டொலருக்கு வருகின்றன, ரூபாய் மலிந்ததால் தையல் கூலி மட்டும்தான் டொலரில் குறைகிறது. வாங்குபவர் இருப்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், 2023 இல் அவர்களுடைய கடைகளிலேயே பழைய சரக்குத் தேங்கிக் கிடந்தது. ஆர்டர் வரவில்லை. தேயிலைக்கு வந்தால் கதை வேறு: 2021 இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடை செய்ததில் கொழுந்து விழுந்தது. 2022 இல் விளைச்சல் முந்தின வருடத்தைவிட ஏறக்குறைய 16 சதவீதம் குறைவு. விலையை எவ்வளவு மலிவாக்கினாலும் செடியில் இல்லாததை விற்க முடியாது.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 இல் கியூஆர் அட்டை வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்த வருடத்தில்தான் எரிபொருள் இறக்குமதிச் செலவு 3.7 பில்லியனிலிருந்து 4.9 பில்லியனுக்கு ஏறியது. குறைவாக எரித்தோம், கூடக் கட்டினோம். உக்ரைன் போர் தொடங்கிய வருடம் அது. உலக விலை நம் கையில் இல்லை, எண்ணெய் இறக்கும் எந்த நாட்டின் கணக்கையும் அது ஒரு வருடத்துக்குள் புரட்டிப்போடும்.

இப்போது பணவனுப்பலுக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் மிகையின் இன்னொரு கால் அங்கேதான் நிற்கிறது. வீதம் சந்தைக்கு வந்ததும் உண்டியலுக்கும் வங்கிக்கும் இடையே இருந்த பள்ளம் மறைந்தது, காசு வங்கிக்குத் திரும்பியது. அது ஒரு காரணம். மற்றது, 2022 இல் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். எங்கள் ஒழுங்கையில் நாலு வீட்டில் இருந்து போனார்கள். அதில் ஒருத்தி ஆசுப்பத்திரித் தாதி, சின்னப் பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுப் போனவள். அவள் அனுப்பும் காசு நடைமுறைக் கணக்கில் வரவாக ஏறுகிறது. அவள் இல்லாத ஆசுப்பத்திரி வார்டுக்கும் அம்மாவைக் கேட்கும் பிள்ளைக்கும் அந்தக் கணக்கில் இடமே இல்லை. மிகை வந்ததைப் பெருமையாகச் சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

1977க்குப் பிறகு முதல் தடவை என்றால் 1977 இல் என்ன நடந்தது? அது பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஆட்சியின் கடைசி வருடம். தேயிலை விலை உலகச் சந்தையில் உச்சத்தில் இருந்தது, அது நல்ல அதிர்ஷ்டம். ஆனால் அதற்குக் கீழே ஏழு வருட இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. பாணுக்கு விடியப்புறம் வரிசையில் நின்ற கதையைத் தெற்கிலும் வடக்கிலும் எங்கள் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் அதற்கு இன்னொரு முகமும் உண்டு: மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வராததால் நம் தோட்டக்காரர்கள் அந்த வருடங்களில் நல்லாய் வாழ்ந்தார்கள், மிளகாய்க் காசில் கல்வீடு எழும்பியது. சந்தை திறந்ததும் அந்த விலை போனது. கட்டுப்பாடு யாரையோ வரிசையில் நிறுத்தும், யாரையோ தூக்கிவிடும், மொத்தக் கணக்கு இரண்டையும் ஒரே இலக்கத்தில் கரைத்துவிடும். ஜே.ஆர். ஜெயவர்தன ஆட்சி வந்து இறக்குமதிக்குக் கதவைத் திறந்து, மகாவலி ஆற்றில் அணைகளைக் கட்டத் தொடங்கியதும் 1980 இல் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 15 சதவீதத்தையும் தாண்டியது. அது முதலீடு கூடியதால் வந்த பற்றாக்குறை, அணைகளில் இன்றும் மின்சாரம் வருகிறது.

ஆகவே பற்றாக்குறை என்றதும் கெட்டது என்று எழுதிவிடக் கூடாது. சிங்கப்பூர் 1970களின் தொடக்கத்தில் மிகப் பெரிய பற்றாக்குறையில் ஓடியது. வெளிக் காசில் தொழிற்சாலையும் துறைமுகமும் எழும்பின, அவை சம்பாதித்ததும் கணக்குப் பெரிய மிகைக்குத் திரும்பியது. நாம் 2007 இல் முதல் சர்வதேச முறியை வெளியிட்டதில் இருந்து எடுத்த வட்டிக் கடன்களின் காலத்தில் கட்டியதில் எத்தனை டொலர் சம்பாதிக்கிறது என்று கேட்டால், விமானங்கள் அரிதாகவே வரும் மத்தல விமான நிலையத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லலாம். அதேபோல மிகை என்றதும் நல்லது என்றும் இல்லை. இந்தியாவுக்கு 2020-21 இல், 17 வருடத்துக்குப் பிறகு, மிகை வந்தது. அது கொவிட்டில் பொருளாதாரம் சுருங்கிய வருடம். எண்ணெய் இறக்குமதிச் செலவு சரிந்த வருடம்.

கட்டாமல் விட்ட கடன்தான் மிகைக்குக் காரணம் என்று சிலர் சொல்வதையும் கேட்டிருக்கிறீர்கள். கடனின் முதல்தொகையைக் கட்டுவது இந்தக் கணக்கிலேயே வராது என்று மேலே சொன்னேன். வட்டி வரும், ஆனால் கணக்கு விதிப்படி அது சேர்ந்த திகதியில் செலவாக எழுதப்படும், கட்டினாலும் கட்டாவிட்டாலும். கட்டாத தொகை நிலுவையாக நிதிக் கணக்கில் நிற்கும். எனவே கடன் நிறுத்தம் ஒதுக்கு மீண்டும் சேர உதவியது, மிகையின் இலக்கத்தை அது நேரடியாக ஊதிப் பெருப்பிக்கவில்லை.

கடைசியாக, இந்த மிகை நிலைக்குமா என்ற கேள்வி. 2024 இலும் மிகை வந்தது, 1.2 பில்லியன் அளவில், இந்த முறை சுற்றுலாப் பயணிகள் 20 இலட்சத்தைத் தாண்டி வந்தார்கள், பணவனுப்பல் 6.6 பில்லியன். இது 2023 இன் மிகையைவிட ஆரோக்கியமானது, ஏனென்றால் இறக்குமதியும் கூடவே ஏறியது. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி ஐந்து வருடத்துக்குப் பிறகு திறந்தது. அதனால் மிகை சுருங்கினாலோ சிறிய பற்றாக்குறை வந்தாலோ நான் பதறமாட்டேன். நான் மாதாமாதம் அறிக்கையில் முதலில் தேடுவது முதலீட்டுப் பொருட்கள் என்ற வரியை. இயந்திரம், கட்டடப் பொருள் எல்லாம் அதில் வரும். 2021 இல் 4.4 பில்லியனைத் தாண்டி இருந்தது, 2023 இல் 2.8 பில்லியன் அளவுக்கு இறங்கியது. அந்த இலக்கம் ஏறி, அதற்கான காசு நீண்ட கால முதலீடாக வந்து, அதனால் கணக்கு பற்றாக்குறைக்குப் போனால் எனக்குச் சந்தோஷம்தான். கார் இறக்குமதி மட்டும் ஏறி, அதற்குக் குறுங்காலக் கடன் வாங்குகிறோம் என்றால், புறக்கோட்டைப் பருப்பு முதலாளி மறுபடியும் காலை ஒன்பதரைக்கு யாரோ ஒரு தம்பியின் மேசைக்கு முன்னால் வந்து இருக்க வேண்டி வரும்.